ஏற்றுவதா, விற்பதா, விட்டுவிடுவதா? கொழும்பில் வீடு மாறும்போது பார்க்கவேண்டிய சாமான் கணக்கு

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். தெகிவளையிலிருந்து என்றால் அதிலும் குறைவு. தூரம் கொஞ்சம்தானே, எல்லாவற்றையும் ஏற்றிவிடுவோம் என்று பலர் முடிவெடுப்பது இதனால்தான். ஆனால் கொழும்பில் வீடு மாறும் செலவு தூரத்தில் இல்லை. லொறி ஓடுவது ஒரு மணி நேரம். சாமானைக் கழற்றி, இறக்கி, மாடியேற்றி, திரும்பப் பூட்டி, அது ஒழுங்காக வேலை செய்யும்வரை இரண்டு மூன்று நாள். காசு கரைவது அந்த நாட்களில்.

ஆகவே ஒரு சாமானைப் பற்றி முடிவெடுக்கும்போது அதை வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். நான்கு செலவைக் கூட்டுங்கள்: கழற்றும் கூலி, ஏற்றி இறக்கும் கூலி, புது வீட்டில் பூட்டும் கூலி, பொருந்தாத இடத்துக்குப் புதிதாக வாங்கவேண்டிய துண்டு துணுக்குகள். வந்த தொகையை அதே சாமானின் இன்றைய செக்கன்ஹாண்ட் விலையோடு ஒப்பிடுங்கள். அந்த விலையை அறிய இக்மன் விளம்பர இணையத்தளத்தில் அதே வகை, அதே வயதுள்ள ஐந்தாறு விளம்பரங்களைப் பார்த்தாலே போதும். செலவு அந்த விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடுவது நல்லது. கால்வாசிக்குள் நின்றால் ஏற்றலாம். இடையில் நிற்பவற்றை ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டு ஆலோசனைகளில் வரும் “பத்து வருடமான மின்சாதனத்தை எடுத்துப்போகாதே” என்ற விதி இங்கே பொருந்தாது. 2020 இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளாலும், 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியதாலும் மின்சாதனங்களின் விலை வெகுவாகக் கூடிவிட்டது. அதற்கு முன் வாங்கிய ஒரு பிரிட்ஜைக் கொடுத்துவிட்டு அதே அளவில் புதியது வாங்கப் போனால், அன்று கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு கேட்பார்கள். ஓடுகிற பழைய சாதனத்துக்கு இந்த ஊரில் மதிப்பு இருக்கிறது. அதை நீங்களே வைத்திருந்தாலும் சரி, விற்றாலும் சரி, தூக்கி எறியாதீர்கள்.

முதலில் புது வீட்டை அளந்து பாருங்கள்

பட்டியல் எழுதத் தொடங்குவதற்கு முன் அளவு நாடாவோடு புது வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அறைகளின் நீள அகலத்தைவிட முக்கியமானது, சாமான் உள்ளே போகும் பாதை. லிப்ட் கதவின் அகலமும் உயரமும், லிப்டின் உள் அளவு, படிக்கட்டுத் திருப்பத்தின் ஆழம், வாசல் நிலையின் உள் அகலம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நிலையை அளக்கும்போது கதவைத் திறந்து வைத்து, கதவின் தடிப்பு போக மிச்சமிருக்கும் இடத்தை அளக்க வேண்டும். பலர் நிலையின் முழு அகலத்தை எழுதிவிட்டு, சாமான் வந்த அன்று கதவைக் கழற்ற ஆள் தேடுகிறார்கள்.

தொடர்மாடிகளில் பரவலாக இருப்பது எட்டுப் பேர், 630 கிலோ என்று எழுதிய லிப்ட். அந்த வகையின் வழக்கமான உள் அளவு 1.1 மீற்றருக்கு 1.4 மீற்றர், கதவு 0.8 மீற்றர். இதை வைத்தே பாதி முடிவை வீட்டிலிருந்து எடுத்துவிடலாம். 60 அங்குலம் அகலமும் 78 அங்குலம் நீளமுமான மெத்தையை நிமிர்த்தினால் உயரம் 1.98 மீற்றர், அகலம் 1.52 மீற்றர். நேராக வைத்தால் 1.4 மீற்றர் ஆழத்துக்குள் அடங்காது; மூலைக்கு மூலை சாய்த்தால் 1.78 மீற்றர் கிடைக்கும், அதற்குள் போய்விடும். 72 அங்குல மெத்தை 1.83 மீற்றர். அது அந்த லிப்டுக்குள் அடங்காது, படியால்தான் போகும். நான்கு அடி அகலமான இரட்டைக் கதவு அலுமாரி நிமிர்ந்தபடி உள்ளே போகும், ஆனால் உயரம் ஆறரை அடி என்றால் லிப்ட் கதவின் உயரத்தை முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே போனபின் சாய்க்க இடமில்லை. ஐந்தடி மூன்று கதவு அலுமாரியும் ஏழடி செற்றியும் லிப்டை நம்பக்கூடாதவை.

லிப்டில் போகாததைப் படியால் ஐந்தாம் மாடிக்குத் தூக்கினால் கூலி மாடிக்கு மாடி ஏறும். ஆட்களோடு விலை பேசும்போது “எத்தனை சாமான்” என்று மட்டும் சொல்லாமல் “படியால் போகவேண்டியவை இவை” என்று தனியாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். இல்லையென்றால் பாதிச் சாமான் வாசலில் நிற்கும்போது பேச்சு மாறும். தொடர்மாடியின் முகாமையிடமும் கேட்க வேண்டும்: எந்த நாட்களில், எத்தனை மணிக்குள் சாமான் ஏற்றலாம், லிப்டின் உட்சுவருக்கு நீங்களே அட்டை கட்ட வேண்டுமா, காப்புப்பணம் கேட்கிறார்களா. ஞாயிற்றுக்கிழமை அனுமதிக்காத கட்டடங்கள் உண்டு.

காலி வீதிக்கும் மரைன் டிரைவ் எனும் கடற்கரை வீதிக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பதினான்கு அடி லொறி அங்கே நுழைந்தால் திரும்ப இடம் இருக்காது. வந்த வழியே பின்னோக்கி எடுக்க வேண்டும், அதற்குள் பின்னால் நான்கு ஆட்டோ வந்து நிற்கும். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பட்டா எனப்படும் சிறிய லொறி நல்லது. அதன் தட்டு ஏறத்தாழ ஏழடி நீளம், நாலே முக்காலடி அகலம். முக்கால் தொன் வரை தாங்கும். ஒரு பிரிட்ஜ், ஒரு வொஷிங் மெஷின், ஓரத்தில் சாய்த்த இரண்டு மெத்தை, பதினைந்து இருபது பெட்டி என்றால் ஒரு நடை சரி. இரண்டறை வீடு முழுவதும் என்றால் மூன்று நடையாவது போகும். பெரிய லொறி ஒரே நடையில் முடிப்பதால் மலிவாகத் தெரியும். ஆனால் அது வாசல்வரை வராமல் காலி வீதி முனையில் நின்றால், நூறு மீற்றர் தூக்கும் கூலி அந்த இலாபத்தைத் தின்றுவிடும். தட்டு மூடியில்லாத லொறி என்றால் தறப்பாளும் கயிறும் யாருடையது என்று முன்பே கேளுங்கள். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் மழை பெரும்பாலும் பின்னேரத்தில் வரும். காலை ஏழுக்கு முன் ஏற்றத் தொடங்கினால் மதியத்துக்குள் இறக்கிவிடலாம்.

ஏசி: அதிகம் யோசிக்கவேண்டிய சாமான்

ஏசியைக் கொண்டுபோவதற்கு, மேலே சொன்ன நான்கு செலவும் முழுதாக விழுகிறது. முறையாகக் கழற்றுவது இப்படி: ஏசியைக் குளிரூட்டும் நிலையில் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் திரவம் போகும் மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடி, காஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்தபின் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் குழாயை வெட்டினால் காஸ் காற்றோடு போய்விடும், பின்பு முழுதாக நிரப்பும் செலவு உங்கள் தலையில். புது வீட்டில் பூட்டும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்ப் போட்டு இழுக்க வேண்டும். வால்வைக் கொஞ்சம் திறந்து காஸைக் கொண்டே காற்றைத் தள்ளும் குறுக்குவழியைச் சிலர் செய்வார்கள். ஈரம் உள்ளே தங்கிவிட்டால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கொம்பிரஸரைத் தின்னும். அந்தப் பழுது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும், அப்போது யாரையும் கேட்க முடியாது. பம்ப் கொண்டு வராத ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள்.

பழைய செப்புக் குழாயைத் திரும்பப் பயன்படுத்துவது பெரும்பாலும் வீண். அதன் நீளம் புதுச் சுவருக்குச் சரியாக வருவது அரிது. வளைந்த இடத்தைத் திரும்ப நிமிர்த்தினால் நசியும். முனையை வெட்டிப் புதிதாக விரித்தே பூட்ட வேண்டும். ஆகவே கணக்கில் புதுக் குழாய், காப்பு உறை, வடிகால் குழாய், வெளி யூனிட்டைத் தாங்கும் சட்டம் எல்லாவற்றையும் சேருங்கள்.

எதை ஏற்றலாம் என்பதை யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளே சொல்லும். ஆர்32 அல்லது ஆர்410ஏ காஸ், இன்வேட்டர் வகை, ஐந்தாறு வருடத்துக்குள் என்றால் ஏற்றுங்கள். ஆர்22 என்று இருந்தால் விட்டுவிடுங்கள். ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி அந்தக் காஸ் வளரும் நாடுகளிலும் 2030 ஐ நோக்கிக் கைவிடப்பட்டு வருகிறது, இனி ஒருமுறை கசிந்தால் நிரப்புவது வரவர கடினம். அடுத்தது வெளி யூனிட்டின் பின்புறத் தகடுகள். கடற்கரை வீதி ஓரத்தில் நாலைந்து வருடம் நின்ற யூனிட்டில் உப்புக் காற்றால் அலுமினியத் தகடுகள் தூளாகி உதிரும். விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அதைக் கழற்றும் ஆட்டத்திலேயே கசிவு வரலாம். அந்த யூனிட்டை இருக்கிற இடத்திலேயே அடுத்து வருகிறவருக்கு விற்பது இருவருக்கும் நல்லது: உங்களுக்குக் கழற்றும் கூலி மிச்சம், அவருக்குப் பூட்டும் கூலி மிச்சம். விலையை எழுதி, வீட்டுக்காரருக்கும் தெரியப்படுத்திவிடுங்கள்.

அறையின் அளவையும் மறக்க வேண்டாம். நூற்றிருபது சதுர அடி அறைக்கு 9000 பீடியூ போதும். பழைய வீட்டின் பெரிய ஹோலுக்கு வாங்கிய 18000 பீடியூவை அந்த அறையில் பூட்டினால் சீக்கிரம் குளிர்ந்து நின்று நின்று ஓடும், ஈரப்பதம் குறையாது. கொழும்பின் புழுக்கத்தில் ஈரம் குறைவதுதான் பாதிச் சுகம். புது வீடு தொடர்மாடி என்றால் வெளி யூனிட்டை எங்கே வைக்க அனுமதி என்று கேட்டுவிட்டே மிச்ச எல்லாம்.

பிரிட்ஜ், வொஷிங் மெஷின்

பிரிட்ஜை ஏற்றுவதற்கு முதல் நாள் காலையிலேயே நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, ஐஸ் உருகி வடிந்தபின் துடைத்து, பின்புறம் அடியிலிருக்கும் தண்ணீர்த் தட்டையும் காலி செய்ய வேண்டும். அந்தத் தட்டை மறந்தால் லொறியில் அடுத்திருக்கும் மெத்தை நனையும். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கொம்பிரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும்; உடனே போட்டால் எண்ணெயில்லாமல் சுற்றும். நிமிர்ந்து வந்தது என்றால் மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் போடுங்கள், எப்படியோ படுத்துவிட்டது என்றால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போடுங்கள். புதுக் குசினியில் பிரிட்ஜுக்கென்று விட்ட குழியின் அகலம் 60 சென்ரிமீற்றர்தான் என்றால் இரட்டைக் கதவு பெரிய பிரிட்ஜ் அதற்குள் போகாது. போனாலும் பின்னால் காற்றோட இடம் இருக்காது. அப்போது பிரிட்ஜ் நன்றாக இருந்தாலும் விற்பது சரி.

முன்கதவு வொஷிங் மெஷினுக்குத் தொட்டியை அசையாமல் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகள் வாங்கும்போதே வந்திருக்கும், மூன்றோ நான்கோ. அவற்றைத் திரும்பப் பூட்டாமல் கொண்டுபோனால் தொட்டியைத் தாங்கும் ஸ்பிரிங், டாம்பர் உடையும். மெஷின் அதன்பிறகு சுழலும்போது குசினி முழுவதும் நடக்கும். போல்ட் தொலைந்திருந்தால் அந்த மொடலுக்குக் கிடைக்குமா என்று முன்பே தேடுங்கள். கிடைக்காவிட்டால் தடித்த நுரைப்பஞ்சை மேல் மூடியைக் கழற்றித் தொட்டியின் மேற்புறம் செருகி, மெல்ல ஓட்டச் சொல்ல வேண்டியதுதான். மேல்கதவு மெஷினுக்கு இந்தச் சிக்கல் இல்லை, தொட்டிக்கும் உடலுக்கும் நடுவே போர்வையைத் திணித்தால் போதும். இரண்டிலும் மிச்சத் தண்ணீரை எடுத்துவிடுங்கள்.

தளபாடம்

மரமா, பலகைத்தூள் அட்டையா என்பதே இங்கே கேள்வி. தேக்கு, முதிரை, நெதுன், மஹோகனி மரத்தில் செய்த கட்டிலும் அலுமாரியும் எத்தனை தரம் கழற்றிப் பூட்டினாலும் தாங்கும். கழன்ற பொருத்துக்குப் பசையும் மர ஆப்பும் போட்டு ஓடாவி ஒரு மணியில் இறுக்கிவிடுவார். இன்று அதே மரத்தில் செய்யச் சொன்னால் விலை தாங்காது. அவற்றைப் படியால் ஏற்றும் கூலி கூடினாலும் ஏற்றுவதே சரி.

மெலமைன் ஒட்டிய சிப்போட் (பலகைத்தூள் அட்டை) அலுமாரிக்கு ஆயுள் பூட்டிய இடத்தில்தான். வட்டப் பூட்டும் திருகும் பிடித்திருக்கும் துளை ஒருமுறை கழற்றினால் தளரும், இரண்டாம் முறை தூளாகும். அடிப்பக்கம் ஈரத்தில் ஊதியிருந்தால் கழற்றாமலேயே முடிவு தெரிந்துவிடும். முழுதாகத் தூக்கலாமே என்றால், பின்பக்க மெல்லிய பலகைதான் அதைச் சதுரமாக வைத்திருக்கிறது. சாய்த்துத் தூக்கும்போது அது பிரிந்து அலுமாரி சாய்சதுரமாகும், கதவு பிறகு மூடாது. ஒரே ஒருமுறை கழற்றிப் பூட்டவேண்டும் என்றால், துளைக்குள் பல்குத்தும் குச்சியையும் மரப்பசையையும் திணித்து உலரவிட்டுத் திருகினால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். இரண்டாம் முறை மாறும் வீட்டுக்கு வேண்டாம்.

கட்டிலைக் கழற்றும்போது பூச்சியைப் பாருங்கள். பொருத்துகளில் கறுத்த புள்ளிகள் என்றால் மூட்டைப்பூச்சி; மரத்தின் கீழே மா போன்ற மெல்லிய தூள் என்றால் துளைக்கும் வண்டு; மண் கோடு என்றால் கறையான். மூட்டைப்பூச்சி உள்ள மெத்தையை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கொண்டுபோகாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம்.

குசினி

எங்கள் குசினிகளில் எடையும் பாசமும் சேர்ந்த சாமான்கள் அம்மி, ஆட்டுக்கல், உரல். தனி வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் கொண்டுபோங்கள். லொறித் தட்டில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்காமல், டயர் அச்சுக்கு மேலே சாக்கு விரித்து வையுங்கள். தொடர்மாடிக்கு என்றால் ஆட்டுக்கல்லையும் உரலையும் ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்புவது நல்லது. ஆட்டும் ஒலியும் இடிக்கும் ஒலியும் கொங்கிறீட்டில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கேட்கும். அம்மி அப்படியல்ல. தடித்த றப்பர் விரிப்பின் மேல், சுவரோரமாக வைத்தால் யாருக்கும் தொல்லையில்லை. தோசைமா அரைக்கும் கல் கிரைண்டரைக் கல்லை வெளியே எடுத்துத் தனியே பொதி செய்ய வேண்டும். கல்லோடு ஏற்றினால், லொறி வீதிக் குழியில் விழும்போது நடு அச்சு வளையும்.

சட்டி பானைகளைப் பிரிக்கும் முன் புது வீட்டில் அடுப்பு எதில் எரியும் என்று தெரிய வேண்டும். சில புதிய தொடர்மாடிகளில் வீட்டுக்குள் சிலிண்டர் வைக்க விடமாட்டார்கள். குழாயில் வரும் காஸ் இருக்கும், அல்லது இண்டக்ஷன் அடுப்பு. இண்டக்ஷன் என்றால் ஒரு காந்தத்தை எடுத்துச் சட்டிகளின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் கொண்டுபோகலாம். அலுமினியத் தாச்சி, பித்தளைப் பாத்திரம், மண்சட்டி எதுவும் அதில் சூடாகாது. இரும்புத் தோசைக்கல் அடி தட்டையாக இருந்தால் வேலை செய்யும். புட்டு, இடியப்பம் அவிக்கும் பானையை இங்கேதான் கவனிக்க வேண்டும். அநேகமாக அது அலுமினியம். இடியப்ப உரல், தட்டுகள், புட்டுக்குழல், நீத்துப்பெட்டி எல்லாம் இருக்க, அடிப்பானை மட்டும் சூடேறாமல் முதல் நாள் காலைச் சாப்பாடு நின்றுவிடும். காந்தம் ஒட்டும் அடியுள்ள, அதே வாயகலமுள்ள ஒரு பானையை முன்பே வாங்கிவிடுங்கள். குழல் உட்காரும் வாயின் அளவை நூலால் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சிலிண்டரைப் பொறுத்தவரை, லிட்ரோ நிறுவனத்தினது நீலம், லாஃப்ஸ் நிறுவனத்தினது மஞ்சள். கடைக்காரர் பொதுவாகத் தன் நிறத்து வெற்றுச் சிலிண்டருக்கே நிறைந்ததைத் தருவார். புது வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் எது தட்டாமல் கிடைக்கிறது என்று விசாரித்து, உங்களுடையது மற்ற நிறம் என்றால் பழைய இடத்திலேயே விற்றுவிட்டுப் புது இடத்தில் வாங்குவது மேல். கொண்டுபோவதானால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்தி, திறந்த லொறியில். மூடிய காருக்குள் வேண்டாம். றப்பர்க் குழாயைப் பழைய வீட்டோடு விட்டுவிடுங்கள். ஒருமுறை கழற்றிய முனையில் வெடிப்பு இருக்கலாம், புதியதின் விலை சிறிது. பூட்டியபின் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

திறந்த மிளகாய்த்தூள், சரக்குத்தூள், எண்ணெய்ப் போத்தல்கள் பற்றி நெடுநேரம் யோசிக்க வேண்டாம். கடைசி இரண்டு கிழமை புதிதாக வாங்காமல் இருப்பதைச் சமைத்து முடியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கறித்தூள் மட்டும் விதிவிலக்கு: இரட்டைப் பையில் கட்டி, கையோடு.

சுவரிலும் கூரையிலும் இருப்பவை

மின்விசிறி, சுடுநீர்க் கருவி, கேட்டன் கம்பி, தண்ணீர்ப் பம்ப் யாருடையவை என்று வாடகை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். வீட்டுக்காரர் கொடுத்ததைக் கழற்றினால் முற்பணத்தில் பிடிப்பார். உங்களுடையது என்றாலும், கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டில் பதின்மூன்றடி உயரக் கூரைக்கு நீண்ட தண்டில் தொங்கிய விசிறி, ஒன்பதடித் தொடர்மாடி அறைக்கு அப்படியே ஆகாது. இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே வரக்கூடாது. குட்டைத் தண்டு வாங்க வேண்டும். சுடுநீர்க் கருவிக்குத் தனி வயர் வேண்டும், ஆகவே புது வீட்டில் அந்த வயர் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். சுவரில் நீங்கள் போட்ட துளைகளைப் புட்டி வைத்து அடைத்துவிட்டு வருவது, முற்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது உதவும்.

பழைய வீட்டில் வட்டமுனைப் பிளக், புது வீட்டில் சதுரமுனை 13 அம்பியர் என்றால் அடப்டர் குவியலைச் சுமக்காமல் பிளக்கையே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் பியூஸ் சாதனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: கேத்தலுக்கும் அயன்பெட்டிக்கும் 13 அம்பியர், மேசை விளக்குக்கு 3 அம்பியர்.

2022 மார்ச்சில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின் போனபோது பலர் வாங்கிய இன்வேட்டரும் பட்டரியும் இப்போது மூலையில் கிடக்கின்றன. தொடர்மாடியில் வீட்டுக்குள்ளும் வரும் ஜெனரேட்டர் இருந்தால் அவற்றை விற்றுவிடுங்கள். மாடிப் படிக்கும் விறாந்தைக்கும் மட்டும் வரும் ஜெனரேட்டர் என்றால் வைத்திருங்கள். ஈயப் பட்டரியைப் படுக்கவைத்து ஏற்றக்கூடாது, அமிலம் ஒழுகும்.

பெட்டிகளும் மிச்சக் குப்பையும்

அப்பிள் பெட்டி பதினெட்டு கிலோ தாங்குவதற்கென்றே செய்தது, கைபிடிக்கத் துளையும் உண்டு; புத்தகத்துக்கு அதுவே சிறந்தது. பெரிய தொலைக்காட்சிப் பெட்டி, வொஷிங் மெஷின் பெட்டிகளில் புத்தகம் நிரப்பினால் அடி கிழியும். அவற்றில் தலையணை, போர்வை. பலசரக்குக் கடையில் வாங்கும் பழைய பெட்டிகளின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டியிருக்கும், ஆகவே அவற்றை வெயிலில் விரித்து, தட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒட்டும் ரேப், கயிறு, குமிழிப் பிளாஸ்ரிக் எல்லாம் புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்தால் மலிவு.

எடுத்துப்போகாதவற்றை வளவில் குவித்துவிட்டுப் போவதுதான் இந்த ஊரில் நடக்கும் பெரிய தவறு. வெறும் ரின், பூச்சட்டித் தட்டு, பழைய டயர், சிரட்டை ஒரு மழையில் நிரம்பினால் டெங்கு நுளம்புக்கு அதுவே போதும். நுளம்பு பெருகும் இடத்தை விட்டுவைப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பாதிக்கப்படப்போவது நேற்றுவரை உங்களுக்கு உப்பும் தேங்காயும் கடன் தந்த அயல்வீட்டுப் பிள்ளைகள். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததை நினைத்தால், கலந்து கட்டிய ஒரு மூட்டையை வாசலில் வைக்க மனம் வராது. போத்தல், பேப்பர், பழைய இரும்பு வாங்குவோருக்கு ஒரு கிழமைக்கு முன்பே சொல்லுங்கள். மெத்தை, உடைந்த தளபாடம் போன்ற பெரியவற்றுக்கு மாநகர சபையின் வட்டார அலுவலகத்தில் கேட்டு நாள் குறியுங்கள். ஓடாத மின்சாதனங்கள் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கு.

பூச்செடிகளில் துளசியும் சிறு சட்டிகளும் வரலாம். நிலத்தில் நிற்கும் கறிவேப்பிலையைப் பிடுங்காதீர்கள். வேரிலிருந்து கிளம்பிய கன்று ஒன்றை மண்ணோடு எடுத்தால் அது பிழைக்கும். கடலைப் பார்த்த பல்கனியில் உப்புக் காற்று இலையைக் கருக்கும், உட்புறமாக வையுங்கள்.

கையோடு போகவேண்டியவை

காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கடவுச்சீட்டு, நகை ஆகியவை லொறியில் ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் எறிவது பழைய மின், தண்ணீர் பில்களையும் முடிந்துபோன வாடகை ஒப்பந்தங்களையும்தான். பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவில் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க விண்ணப்பிக்கும்போது, எத்தனை வருடமாக எங்கே இருந்தீர்கள் என்பதற்கு வாக்காளர் இடாப்போடு இந்தத் தாள்களும் சான்றாகின்றன. ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு தாளையும் எறியாதீர்கள். புது வீட்டுக்குப் போன கிழமையே கிராம சேவகரிடம் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

புறப்படும் நாளில் மின் மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் தொலைபேசியில் படமெடுத்து, வெற்று அறைகளையும் ஒவ்வொன்றாகப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். பைபர் இணைப்பின் ரௌட்டரைச் சுவரில் விடாமல் கழற்றி எடுத்துவர வேண்டும். இடமாற்றத்துக்கு இரண்டு கிழமை முன்பே விண்ணப்பித்திருந்தால் நல்லது.

சாமிப்படமும் குத்துவிளக்கும், பால் காய்ச்சும் பானை, ஒரு லீற்றர் பால், தீப்பெட்டி, உப்பு, அரிசி, மஞ்சள் ஆகியவை தனிப் பெட்டியில் காரில் முன்பே போகட்டும். லொறியில் கடைசியாக ஏற்றியதே முதலில் இறங்கும், ஆகவே கட்டில் துண்டுகள், மெத்தை, தும்புத்தடி, ஒரு வாளி, கருவிப்பை கடைசியில் ஏறட்டும். கழற்றிய ஒவ்வொரு சாமானின் திருகுகளையும் சிறு பையில் போட்டு அதே சாமானின் உட்பக்கத்தில் ரேப்பால் ஒட்டிவிடுங்கள். எல்லாத் திருகையும் ஒரே டப்பாவில் போட்டால் அன்றிரவு மெத்தை தரையில்தான்.